எடை கூடுதலா? சாலைச் சைக்கிளுக்கு எந்தச் சக்கரம் தாங்கும்?

எடையைக் குறைக்கவேண்டும் என்று சாலைச் சைக்கிள் ஒன்றை வாங்குகிறீர்கள். வார இறுதியில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலிருந்து சாங்கி வரை ஓட்டுகிறீர்கள். நன்றாகத்தான் போகிறது. இரண்டாம் மாதம் பின்பக்கத்திலிருந்து "டங்" என்று ஒரு சத்தம். சக்கரம் கோணி, பிரேக்கில் உரசுகிறது. இறங்கிப் பார்த்தால் கம்பி ஒன்று உடைந்திருக்கிறது.

கடையில் மாற்றித் தருகிறார்கள். மூன்று வாரத்தில் அடுத்த கம்பி.

"உங்க எடைக்கு இப்படித்தான் ஆகும்..."

இந்தப் பதிலைக் கேட்டு, சைக்கிளை வீட்டு வாசலில் சாய்த்து வைத்துவிட்டவர்கள் உண்டு. இதை எழுதுபவரும் சில மாதங்கள் அப்படிச் செய்தவர்தான். அப்போது எடை 100 கிலோகிராமுக்குச் சற்று மேல்.

ஆனால் அந்தப் பதில் பாதிதான் உண்மை. 100 கிலோகிராம் எடையைத் தாங்கும் சக்கரம் செய்வது ஒன்றும் புதிய வித்தை இல்லை. இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கும் டாண்டம் சைக்கிள்களின் சக்கரங்கள் 150 கிலோகிராமுக்கு மேலும் சுமக்கின்றன. ரொட்டி, பால், அரிசி மூட்டை என்று ஏற்றிச்சென்ற பழைய கறுப்புச் சைக்கிள்களை நினைத்துப் பாருங்கள். பிரிட்டிஷ் பாணியில் செய்யப்பட்ட அவற்றில் முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின் சக்கரத்துக்கு 40 கம்பி.

இன்று கடையில் நிற்கும் பல சாலைச் சைக்கிள்களின் பின் சக்கரத்தில் எத்தனை? 24. சிலவற்றில் 20.

பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

கம்பி ஏன் உடைகிறது?

அதிக எடை கம்பியை இழுத்து அறுத்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது கிட்டத்தட்ட அதற்கு நேர்மாறானது.

சக்கரத்தின் கம்பிகள் எல்லாமே முன்கூட்டியே இறுக்கி இழுக்கப்பட்டவை. நீங்கள் ஏறி உட்காரும்போது, தரையைத் தொடும் இடத்துக்கு நேர்மேலே இருக்கும் சில கம்பிகளின் இறுக்கம் குறைகிறது. மற்றக் கம்பிகளில் பெரிய மாற்றம் இல்லை. சக்கரம் சுழல, ஒவ்வொரு கம்பியும் கீழே வரும்போது தளர்கிறது, மேலே போகும்போது மறுபடி இறுகுகிறது. அமெரிக்கப் பொறியாளர் ஜோப்ஸ்ட் பிராண்ட் 1981இல் வெளியிட்ட 'தி பைசிக்கிள் வீல்' நூலில் இதை விளக்கியிருந்தார். சக்கரம் கட்டுபவர்கள் இன்றும் தேடிப் படிக்கும் நூல் அது.

ஒரு கணக்குப் போடுவோம். சாலைச் சைக்கிளின் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.1 மீட்டர் போகும். அப்படியென்றால் 2,100 கிலோமீட்டரில் ஒவ்வொரு கம்பியும் 10 லட்சம் முறை தளர்ந்து இறுகிவிடும். வாரம் 50 கிலோமீட்டர் ஓட்டினால் பத்து மாதத்தில் அந்த எண்ணிக்கை வந்துவிடும்.

ஒரு கம்பித் துண்டைக் கையால் முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் சிறிது நேரத்தில் ஒடிந்துவிடும் அல்லவா? அதே கதைதான். உலோகச் சோர்வு என்பார்கள். கம்பி உடைவது பெரும்பாலும் ஹப்பில் மாட்டியிருக்கும் வளைந்த முனையில்தான்.

ஓட்டுபவரின் எடை கூடினால் ஒவ்வொரு சுற்றிலும் தளர்வு அதிகமாகும். கம்பிகள் குறைவாக இருந்தால் அந்தத் தளர்வைப் பகிர்ந்துகொள்ள ஆள் இல்லை. கம்பிகள் போதிய அளவு இறுக்கப்படாமல் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: கீழே வரும்போது கம்பி முழுவதும் தொளதொளவென்று ஆகிவிடும். அப்போது கம்பியைப் பிடித்திருக்கும் நிப்பிள் மெல்ல மெல்லக் கழன்று திரும்பத் தொடங்கும். சக்கரம் கோணும்.

60 கிலோகிராம் எடை உள்ளவரிடமும் இதே குறை இருக்கிறது. அவருக்கு அது தெரியவர ஐந்தாண்டு ஆகலாம். உங்களுக்கு ஐந்து வாரத்தில் தெரிந்துவிடுகிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

ஏன் எப்போதும் பின் சக்கரம்?

முதல் காரணம், உடலின் எடையில் பாதிக்கு மேல் பின் சக்கரத்தில் இறங்குகிறது. மேட்டில் உட்கார்ந்து மிதிக்கும்போது அது இன்னும் கூடும்.

இரண்டாவது காரணம் கண்ணுக்கு உடனே தெரியாது. பின் சக்கரத்தின் வலப்பக்கம் பல்சக்கரங்கள் இருக்கின்றன. 10, 11, 12 என்று அவை கூடக்கூட, வலப்பக்கக் கம்பிகள் கிட்டத்தட்ட நேராக நிற்கவேண்டியிருக்கிறது. இடப்பக்கக் கம்பிகளோ நன்றாகச் சாய்ந்து நிற்கின்றன. ரிம் நடுவில் நிற்கவேண்டும் என்றால் வலப்பக்கத்தை மிக இறுக்கமாகவும் இடப்பக்கத்தைத் தளர்வாகவும் கட்டவேண்டும். இடப்பக்கத்தின் இறுக்கம் வலப்பக்கத்தில் பாதி அளவுதான் இருக்கும், பல சக்கரங்களில்.

அதனால் வலப்பக்கத்தைப் போதிய அளவு இறுக்காவிட்டால் இடப்பக்கம் ஏறத்தாழ வேலையே செய்யாது.

பணம் குறைவாக இருந்தால் பின் சக்கரத்துக்கு மட்டும் செலவு செய்யுங்கள். முன் சக்கரத்தை அப்படியே விட்டுவிடலாம். இரண்டும் ஒரே ஜோடியாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. பார்க்க அழகாக இருக்காது என்பது வேறு விஷயம்.

எத்தனை கம்பி வேண்டும்?

இதற்குச் சட்டம் கிடையாது. ஆனால் சக்கரம் கட்டுபவர்களிடையே பரவலாக உள்ள வழக்கத்தைச் சொல்லலாம்.

உங்கள் எடை 85 கிலோகிராமுக்கு மேல் என்றால் பின்னால் 28க்குக் குறையக்கூடாது. 95-100ஐத் தாண்டினால் 32. 115-120க்கு மேல், அல்லது வேலைக்குப் போக மடிக்கணினி, மழை உடை எல்லாம் ஏற்றிச்செல்பவர் என்றால் 36. முன் சக்கரத்துக்கு ஒரு படி குறைவாக வைத்துக்கொள்ளலாம்.

"கம்பி கூடினால் சைக்கிள் கனமாகிவிடாதா?" என்று கேட்கலாம். ஒரு கம்பியின் எடை 6-7 கிராம். 24லிருந்து 32க்குப் போனால் கூடுவது சுமார் 50 கிராம். ஒரு குவளை கோப்பியைவிடக் குறைவு. ரிம்மும் அப்படித்தான். 400 கிராம் ரிம்முக்குப் பதில் 500 கிராம் ரிம் வாங்கினால், 100 கிலோகிராம் எடையுள்ளவருக்கு அது ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் ரிம் உறுதியாக இருந்தால் கம்பிகளின் வேலை பெரிதும் குறையும். சுமை கூடுதலான கம்பிகளுக்குப் பரவும்.

பந்தயத்துக்கு இலகுவான சக்கரம் தேவை என்பதில் நியாயம் இருக்கிறது. மண்டாய் சாலை மேட்டில் நண்பர்களோடு ஓட்டுவதற்கு, மன்னிக்கவும், தேவையில்லை.

கம்பி தடிமனாக இருந்தால் நல்லதா?

இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். "ஆளு வெயிட்டு, தடிமனான கம்பியாப் போடுங்க" என்று கடையில் கேட்பது இயல்பு. ஆனால் நெடுகிலும் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள சாதாரணக் கம்பியைவிட, இரு முனைகளில் 2 மில்லிமீட்டரும் நடுவில் 1.8 மில்லிமீட்டரும் உள்ள கம்பி நீண்டநாள் உழைக்கும்.

காரணம் எளிது. நடுவில் மெலிந்த கம்பி ரப்பரைப்போல் சற்றுக் கூடுதலாக நீண்டிருக்கும். சுமை வரும்போது அது உடனே தளர்ந்து சும்மா தொங்குவதில்லை. வளைந்த முனையில் விழும் அடியும் குறைகிறது. டிடி சுவிஸ் நிறுவனத்தின் காம்பெட்டிஷன், சாபிம் நிறுவனத்தின் ரேஸ் ஆகிய கம்பிகள் இந்த வகை.

இன்னும் உறுதி வேண்டும் என்றால் ஹப் பக்கம் 2.3 மில்லிமீட்டர், நடுவில் 1.8, ரிம் பக்கம் 2 என்று மூன்று அளவுகளில் வரும் கம்பி இருக்கிறது. டிடி சுவிஸின் அல்பைன் 3 அப்படிப்பட்டது. சக்கரத்தில் மிகவும் அவதிப்படும் இடம் ஹப் பக்க முனைதான் என்பதால் அங்கே மட்டும் உலோகம் கூடுதல். சுற்றுப்பயணச் சைக்கிள்களில் இதை அதிகம் பார்க்கலாம்.

நிப்பிள் பித்தளையில் இருக்கட்டும். அலுமினிய நிப்பிள் சில கிராம் மிச்சப்படுத்தும். ஆனால் வியர்வை, கடற்காற்று, மழை மூன்றும் சேர்ந்த நம் ஊரில் அது அரித்து இறுகிப்போய், கோட்டம் எடுக்கும்போது உடைந்துவிடுவதுண்டு.

கட்டியவர் யார் என்பது முக்கியம்

விலையுயர்ந்த பாகங்களைச் சேர்த்துச் சரியாக இறுக்காமல் கட்டிய சக்கரத்தைவிட, சாதாரணப் பாகங்களைக் கொண்டு நிதானமாகக் கட்டிய சக்கரம் மேல். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இயந்திரத்தில் வேகமாகக் கட்டப்படும் மலிவான சக்கரங்களில் இறுக்கம் பெரும்பாலும் குறைவாகவும் கம்பிக்குக் கம்பி ஏற்ற இறக்கத்தோடும் இருக்கும். பார்வைக்கு நேராகச் சுழலும். ஆனால் ஒரு கம்பி அதிகச் சுமை எடுக்கும், அடுத்தது சும்மா இருக்கும். புதுச் சக்கரம் வாங்கவேண்டிய அவசியமே சில நேரத்தில் இல்லை. இருக்கும் சக்கரத்தை நல்ல கைகளில் கொடுத்து மறுபடி இறுக்கினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கடையில் இறுக்கத்தை அளக்கும் கருவி இருக்கிறதா என்று பாருங்கள். நீலக் கைப்பிடியுடன் பார்க் டூல் நிறுவனம் விற்கும் கருவியைப் பல கடைகளில் காணலாம். பின் சக்கரத்தின் வலப்பக்கம் பொதுவாக 100 முதல் 120 கிலோகிராம் விசை இறுக்கத்தில் இருக்கவேண்டும். துல்லியமான உச்ச அளவை ரிம் தயாரிப்பாளர் சொல்லியிருப்பார். கருவி இல்லாவிட்டாலும் ஒரு வழி உண்டு. ஒரே பக்கத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிப் பாருங்கள். வீணைத் தந்திபோல் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்கவேண்டும். ஒன்று "டிங்", அடுத்தது "டொப்" என்றால் வேலை சரியில்லை.

கட்டி முடித்ததும் இணையாகப் போகும் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்து அழுத்துவார் அனுபவசாலி. வளைந்த முனைகளில் தேங்கியிருக்கும் அழுத்தத்தை நீக்கும் வேலை அது. பிராண்ட் தம் நூலில் வலியுறுத்தியதும் இதைத்தான். சில நிமிட வேலை. செய்யாவிட்டால் கம்பியின் ஆயுள் குறைகிறது.

முதல் 200-300 கிலோமீட்டருக்குப் பிறகு ஒருமுறை கொண்டுபோய்ச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் என்ன கேட்கவேண்டும்?

"அங்கிள், இந்தச் சக்கரம் எத்தனை கிலோ தாங்கும்?" என்பது முதல் கேள்வி. கூச்சப்பட ஒன்றுமில்லை.

தயாரிப்பாளர்கள் பலர் எடை வரம்பைக் கையேட்டில் குறிப்பிடுகிறார்கள். மாவிக் போன்ற நிறுவனங்களின் சாலைச் சக்கரங்களுக்கு 120 கிலோகிராம் என்ற வரம்பைப் பார்க்கலாம். கவனிக்கவேண்டியது, அது உங்கள் எடை மட்டும் இல்லை. சைக்கிள், தண்ணீர்ப் போத்தல், பை, காலணி, தலைக்கவசம் எல்லாம் சேர்த்து. 9 கிலோகிராம் சைக்கிள், 3 கிலோகிராம் சாமான் என்றால் உங்களுக்கு மிஞ்சுவது 108. வரம்பைத் தாண்டிவிட்டால் உத்தரவாதம் செல்லாமல் போகலாம்.

அடுத்த கேள்வி, உடைந்தால் அதே கம்பி இங்கே கிடைக்குமா? சில சக்கரங்களுக்குத் தயாரிப்பாளரின் தனிப்பட்ட கம்பிதான் பொருந்தும். வெளிநாட்டிலிருந்து வர வாரக்கணக்கில் காத்திருக்கவேண்டும். முனை வளைந்த சாதாரணக் கம்பி என்றால் எந்தக் கடையிலும் அன்றே மாற்றிக்கொள்ளலாம். ஷிமானோ 105 போன்ற 32 துளை ஹப்பும் சாதாரணக் கம்பியும் கொண்டு கட்டிய சக்கரத்தைப் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ரிம்மில் கனமான ஓட்டுநர்களுக்கென்றே பெயர்பெற்றவை உண்டு. வெலாசிட்டி டையட் அவற்றுள் ஒன்று. டாண்டம் சைக்கிள்களிலும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

துளைகள் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக விலகியிருக்கும் ரிம் கிடைத்தால் பின் சக்கரத்துக்கு இன்னும் நல்லது. வலம், இடம் இறுக்க வேறுபாடு குறையும்.

டிஸ்க் பிரேக் சைக்கிள் என்றால் கூடுதல் கவனம் தேவை. பிரேக் பிடிக்கும் விசை முழுவதும் ஹப்பிலிருந்து கம்பிகள் வழியாகத்தான் ரிம்முக்குப் போகிறது. முன் சக்கரமும் அதனால் சிரமப்படும். முன்னால் 28 கம்பிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

டயரை மறந்துவிடாதீர்கள்

சக்கரத்துக்கு மிக மலிவான பாதுகாப்பு அகலமான டயர். 25 மில்லிமீட்டர் டயரிலிருந்து 28க்கோ 32க்கோ மாறினால், நடைபாதை விளிம்பிலும் வடிகால் மூடியிலும் விழும் அடியை டயரே வாங்கிக்கொள்ளும். சைக்கிள் சட்டத்திலும் பிரேக்கிலும் அதற்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

100 கிலோகிராம் எடையுள்ளவர் 28 மில்லிமீட்டர் டயரின் பின் சக்கரத்தில் 80-90 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் தொடங்கலாம். 32 மில்லிமீட்டர் என்றால் 65-75. பிறகு உங்களுக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. டயரின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் கொக்கி இல்லாத ரிம்கள் இப்போது சந்தையில் அதிகம் வருகின்றன. 'ஹுக்லெஸ்' என்று விளம்பரப்படுத்துவார்கள். அவற்றில் காற்றழுத்தம் 5 பாரை, அதாவது 72.5 பிஎஸ்ஐயைத் தாண்டக்கூடாது. அதற்கென்று தயாரித்த டயரையே போடவேண்டும். மேலே சொன்ன எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கனமானவர் 28 மில்லிமீட்டர் டயரோடு அந்த ரிம்மைப் பயன்படுத்தினால், ஒன்று காற்றுப் போதாது, அல்லது வரம்பு மீறும். வரம்பு மீறினால் ஓடும்போதே டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடக்கூடும். 32 மில்லிமீட்டருக்கு இடமில்லாத சைக்கிள் என்றால் கொக்கியுள்ள ரிம்மே போதும்.

கார்பன் ரிம் வாங்கலாமா?

டிஸ்க் பிரேக் என்றால், எடை வரம்பைப் பார்த்து வாங்கலாம். நல்ல கார்பன் ரிம் உறுதியானது.

ரிம்மையே அழுத்திப் பிடிக்கும் பழைய வகை பிரேக் என்றால் வேண்டாம். சிங்கப்பூருக்குள் ஓட்டும்வரை பெரிதாகத் தெரியாது. மௌண்ட் ஃபேபர் இறக்கம் சட்டென்று முடிந்துவிடும். ஆனால் இங்கிருந்து கெந்திங் மலைக்கும் கேமரன் மலைக்கும் சைக்கிளோடு போகிறவர்கள் நிறையப் பேர். சைக்கிளோடு சேர்த்து 120 கிலோகிராம் எடை 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 3 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. பிரேக்கைப் பிடித்தபடியே மெதுவாக இறங்கினால் அதில் பெரும்பங்கு ரிம்மில் வெப்பமாக இறங்கும். அலுமினியம் வெப்பத்தைப் பரப்பி வெளியேற்றிவிடும். கார்பனில் வெப்பம் ஒரே இடத்தில் தேங்கும். பிசின் இளகி ரிம் உருக்குலையலாம், டியூப் வெடிக்கலாம்.

அலுமினிய ரிம்மும் தேயும். மழையில் ஓட்டும்போது பிரேக் கட்டையில் ஒட்டும் மண்துகள் உப்புத்தாள்போல் ரிம்மைச் சுரண்டும். பல ரிம்களில் தேய்மானத்தைக் காட்டச் சிறிய குழியோ கோடோ இருக்கும். அது மறைந்துவிட்டாலோ, பிரேக் படும் பக்கம் உள்வாங்கித் தெரிந்தாலோ ரிம்மை மாற்றிவிடவேண்டும்.

ஏற்கெனவே கம்பி உடைந்துவிட்டதா?

ஒன்று உடைந்தால் மாற்றி ஓட்டுங்கள். அது தற்செயலாக இருக்கலாம். இரண்டாவதும் உடைந்தால் முழுச் சக்கரத்தின் இறுக்கத்தையும் அளந்து சரிசெய்யச் சொல்லுங்கள். மூன்றாவது உடைந்தால், மற்றக் கம்பிகளும் அதே 10 லட்சம் சுற்றுகளைச் சுற்றியவைதான், வரிசையில் நிற்கின்றன என்று பொருள். ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருப்பது வீண்செலவு. ரிம்மும் ஹப்பும் நன்றாக இருந்தால் அவற்றை வைத்துக்கொண்டு எல்லாக் கம்பிகளையும் புதிதாகப் போட்டுக் கட்டச் சொல்லலாம். 20, 24 துளைச் சக்கரம் என்றால் அந்தப் பணத்தை 32 துளைச் சக்கரத்தில் போடுவது மேல்.

வழியில் உடைந்தால் உடனே நிறுத்துங்கள். உடைந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிடுங்கள், பல்சக்கரத்தில் சிக்காமல் இருக்கும். ரிம் பிரேக் என்றால் பின் பிரேக்கின் நெம்பைத் திறந்துவிடுங்கள், உரசாது. 32 கம்பிச் சக்கரம் என்றால் முன் பிரேக்கை மட்டும் பயன்படுத்தி மெதுவாக வீடு வரை உருட்டிவிடலாம். 20 கம்பிச் சக்கரம் பெரும்பாலும் சுழலவே சுழலாது. மடக்க முடியாத சைக்கிளை எம்ஆர்டி ரயிலில் ஏற்ற அனுமதியும் இல்லை. சைக்கிள் ஏறும் அளவுக்குப் பெரிய டாக்சியைத்தான் அழைக்கவேண்டியிருக்கும்.